பிள்ளை மடுவத்தின் மேல் இறங்கிய காற்று

கலவானைக்கு மேலே, மலைச்சரிவில் பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருக்கும் தெல்கஸ்தென்னத் தோட்டத்தில் விஜயகலாவை எல்லாரும் மடுவத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளை மடுவம் அவளுடைய பொறுப்பில் இருந்தது. தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. அதற்கு முன் அவளும் கூடை சுமந்தவள்தான். பத்தாம் வகுப்புவரை படித்திருந்தாள். யார் பிள்ளை அழுதாலும் போய்த் தூக்கிக்கொள்வாள். இரண்டையும் பார்த்துத்தான் அவளை எடுத்தார்கள். கணவன் சுரேந்திரன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் அடுப்புப் பார்ப்பவன். இரண்டு மகன்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

மடுவம் என்பது ஒரே நீளமான அறை. அரைச்சுவர், சிமெந்துத் தரை, மேலே தகரம். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் பிள்ளைகள் அழுவதுகூடக் கேட்காது. அந்த ஊரில் மழை பெய்யாத நாள் குறைவு என்பதால், விஜயகலா காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்த்தே எந்தத் தொட்டில் அசைகிறது, எந்தப் பிள்ளைக்குப் பசி என்று அறியப் பழகியிருந்தாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பங்குனியில் அந்தத் தகரம் சத்தம் போடவே இல்லை.

இரத்தினபுரிப் பக்கத்தில் குடையை எடுக்க ஆட்கள் மறந்தாலும் மழை வர மறக்காது. பங்குனி, சித்திரையில் காலையில் வெயில் கொளுத்தும். சாப்பாட்டுக்குப் பிறகு மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கறுத்து வரும். இடி இடித்து ஊற்றிவிட்டுப் போகும். பொழுது சாயும்போது போர்வை தேடலாம். அந்த வருஷம் மேகம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும், பஞ்சுபோல் நிற்கும், பிறகு கரைந்துவிடும். வானம் நீலமாக இல்லை, வெள்ளையாக இருந்தது. மரத்தில் ஓர் இலை அசையாது. வியர்வை வழியும், ஆனால் காயாது. இரவிலும் அவர்கள் குடியிருந்த லயத்துச் சுவரைத் தொட்டால் சுட்டது. ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலி நூலாக ஒழுகியது.

தோட்டத்தில் எல்லாரும் எல்லார்மேலும் எரிந்து விழுந்தார்கள். கடைசியில் அந்த எரிச்சல் கோயில் பூசாரி ஏழுமலையிடம் போய் நின்றது. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவை மூன்றே நாளில் சுருக்கி முடித்துவிட்டார்கள். யுத்தக் கெடுபிடியில், வழக்கமாகப் போகும் ரோட்டில் தேர் போக அனுமதி கிடைக்கவில்லை. "சாமிய ஊர்கோலம் கூட்டிட்டுப் போகாம உக்கார வச்சாரு, இப்ப ஆத்தா அனல கக்குறா" என்று லயத்து வாசல்களில் பேச்சு. ஏழுமலை ரப்பர் பால் வெட்டுகிறவர், கூச்சக்காரர். அவரும் அதை நம்பத் தொடங்கிவிட்டார். வேலை முடிந்ததும் கோயிலிலேயே கிடந்தார். சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அப்படி ஒரு நாளில்தான் அது நடந்தது.

மத்தியானம். கொழுந்து பறிக்கும் இலட்சுமியின் மகள் கேஷானி, இன்னும் ஒரு வயது நிரம்பாதவள், தொட்டிலில் மிகவும் அமைதியாக இருந்தாள். அந்த அமைதி விஜயகலாவுக்குப் பிடிக்கவில்லை. போய்த் தொட்டாள். உடம்பு அடுப்புக்கல் மாதிரி சுட்டது. வியர்வை இல்லை. உதடு காய்ந்திருந்தது. தூக்கினால் தலை நிற்கவில்லை. காலையில் இலட்சுமி கொண்டுவந்து விட்டபோது இதே பிள்ளை சிரித்துக்கொண்டு விஜயகலாவின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு ஓடினாள். கோயிலிலிருந்து இறங்கிவந்த ஏழுமலை குறுக்கே வந்து நின்றார்.

"கலா, தண்ணி படக் கூடாதும்மா! இது அம்மா பாத்தது, அம்மைக் காச்ச. தண்ணி பட்டா ஜன்னி வந்துரும். வேப்பிலை கொண்டாறேன், இரு."

"அம்மா பாத்திருந்தா காலையிலேயே காஞ்சிருக்கும் சாமி. காலையில புள்ள நல்லாத்தான் இருந்துச்சு. இது உள்ளருந்து வந்த காச்ச இல்ல. அந்தத் தகரத்துக்குக் கீழ படுத்து வெளியிலருந்து ஏறின சூடு."

"ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன்னயத்தான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, நூலாக ஒழுகிய தண்ணீரைக் கையில் ஏந்தி ஏந்தித் தலையிலும் மார்பிலும் தொடையிடுக்கிலும் விட்டாள். முந்தானையை நனைத்துப் பிள்ளையைச் சுற்றினாள். மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி ஏழுமலையிடமே சொல்லிவிட்டு, குறுக்குப் பாதையால் ரோட்டுக்கு இறங்கி ஓடினாள். வாழ்நாளில் ஒரு பிள்ளையையும் தூக்கி வளர்க்காத மனிதர் அன்று மாலைவரை மடுவத்தில் தொட்டில் ஆட்டினார்.

ரோட்டில் கடைக்காரர் மக்கீனின் வான் வந்தது. பின்னால் அரிசி மூட்டைகள். விஜயகலா கை காட்டவில்லை, நடு ரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

"மக்கீன் நாநா, இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு! புள்ள…"

அவர் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றார், அவ்வளவுதான். போகிற வழியில் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, "ஈரத்த காயவுடாதீங்க, காத்து படட்டும்" என்றார். ஆனால் முந்தானை காய்ந்துகொண்டே வந்தது. வண்டியில் தண்ணீர் இல்லை.

பாலத்தடியில் ராணுவச் சாவடி. விஜயகலாவின் அடையாள அட்டை மடுவத்தில் பைக்குள் கிடந்தது. அந்தக் காலத்தில் அட்டை இல்லாத தமிழ்ப் பெண் சாவடியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சிப்பாய் வானுக்குள் குனிந்து பார்த்தான். மகன் வயதில்லை, தம்பி வயது இருக்கும். "ளமயாட்ட மொகத?" பிள்ளைக்கு என்ன என்று கேட்டான்.

"ரஸ்னே வெடி, மாத்தயா. சூடு தாங்காம மயங்கிருச்சு" என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னாள்.

அவன் அட்டை கேட்கவில்லை. இடுப்பிலிருந்த தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைக் கழற்றி, மூடியைத் திறந்து, அவளுடைய முந்தானை முழுவதையும் நனைத்தான். மிச்சத்தைப் போத்தலோடு அவள் கையில் வைத்துவிட்டு, "யன்ன, யன்ன", போங்கள் என்று, வானின் கதவில் தட்டினான். சாவடியின் தடுப்பு உயர்ந்தது. அந்த வெயிலில் பொழுது சாயும்வரை நிற்க வேண்டியவன் அவன். போத்தலைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் மக்கீன் போனபோது வேறு ஆள் நின்றான். போத்தல் கொடுத்தவனின் பெயர் கடைசிவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சேலைன் ஏற்றினார்கள். தகவல் கேட்டு இலட்சுமி மலையிலிருந்து கூடையைப் போட்டுவிட்டு வந்து சேரும்போது மாலையாகிவிட்டது. டாக்டர் வெளியே வந்து, "யாரு தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார். விஜயகலா முன்னால் வந்தாள். "நான்தான் ஐயா" என்றாள். "அதனாலதான் பிழைச்சுது" என்றார் அவர். இலட்சுமி அங்கேயே தரையில் உட்கார்ந்து, விஜயகலாவின் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளையோடு இரண்டு பேரும் வார்டில் தங்கினார்கள். அடுத்த கட்டிலில் ஒரு முஸ்லிம் பெண், மகனைக் காய்ச்சலோடு வைத்துக்கொண்டு இருந்தாள். பெயர் றஸ்மியா. வானிலை பார்க்கும் அலுவலகத்தில் வேலை. வெப்பமானியும் மழைமானியும் பார்த்துக் கொழும்புக்குச் சொல்வது அவளுடைய கடமை. இது தெரிந்ததும் விஜயகலா தன் கட்டிலோரத்திலிருந்து அவளுடைய கட்டிலோரத்துக்கு வந்துவிட்டாள்.

"மிஸ், ஒன்னு கேக்கலாங்களா? ஏன் இந்த வருஷம் மட்டும் இப்படி? சூரியன் அதே சூரியன்தானே?"

றஸ்மியா மகனின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டபடி அவளைப் பார்த்தாள். வார்டில் அவளிடம் அதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"சூரியன் அதேதான். இந்த மாசக் கடைசியில, சித்திரைப் புத்தாண்ட ஒட்டி, அது நம்ம தலைக்கு நேர் மேல வரும். அது வருஷா வருஷம் ஈக்கிறதுதான். ஆனா மத்த வருஷத்துல அந்தச் சூட்டுக்கு மேல போக வழி ஈந்துச்சு. தரை சுட்டா காத்து எழும்பும். கடல் பக்கத்துலருந்து வாற ஈரத்தையும் தூக்கிட்டுப் போகும். மேல போய்க் குளிர்ந்து மேகமாகும், அந்தியில மழையா கொட்டும். நம்மட சூட்ட நம்மட மழையே கழுவிடும்."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் மேலருந்து காத்து எறங்கிட்டு ஈக்கிது. பசிபிக்குன்னு தூரத்துல ஒரு பெரிய கடல். அதுல தண்ணி வழமையவிட சூடாகிப் போச்சு. காத்து அங்க போய் எழும்புது. ஒரு எடத்துல எழும்பினா இன்னொரு எடத்துல எறங்கித்தான் ஆகணும். எறங்குற பக்கத்துல நாங்க மாட்டிட்டோம். பானைக்கு மூடி போட்ட மாதிரி அது நம்மட மேல உக்காந்துட்டுது. கீழருந்து எழும்புற காத்து அந்த மூடியில முட்டி நிக்குது. மேகம் வளர ஏலாது. மேகம் இல்லாட்டி நிழலும் இல்ல, மழையும் இல்ல."

"மிஸ், நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. மேலருந்து எறங்குற காத்து குளிர்ச்சியாத்தானே இருக்கணும்? நுவரெலியா மேல இருக்கு, அங்க குளிருதே."

றஸ்மியா முதல்முறையாகச் சிரித்தாள். "இத நானும் படிக்கிற காலத்துல கேட்டேன். சைக்கிளுக்குக் காத்து அடிச்சிருக்கீங்களா?"

"எங்க வீட்டுக்காரரு அடிப்பாரு."

"அடிச்சு முடிச்சதும் பம்பட அடியத் தொட்டுப் பாருங்க, சுடும். காத்த அமுக்கினா அது சூடாகும். மேல காத்து மெல்லிசா ஈக்கிது. கீழ வர வர மேல ஈக்கிற காத்தோட பாரம் அத அமுக்குது. அதனால எறங்க எறங்கச் சூடாகுது, காய்ஞ்சும் போகுது. நுவரெலியாவுல நிக்கிற காத்து வேற, இங்க எறங்கி வாற காத்து வேற."

"அப்ப வேர்வ ஏன் காய மாட்டேங்குது? காஞ்ச காத்துன்னா காயணுமே."

"காய்ஞ்ச காத்து மேல, மூடியில. கீழ நாங்க ஈக்கிறது பானைக்குள்ள. கடல் ஈரம் உள்ள வருது, வெளிய போக வழியில்ல. இந்தப் பக்கம் சுத்திவர மலை. ரெண்டு பருவக்காத்துக்கும் எடைப்பட்ட காலம், அதனால தள்ளிட்டுப் போக காத்தும் இல்ல. இன்னொன்னு, மண்ணு ஈரமா ஈந்தா வெயில்ல பாதி அந்த ஈரத்தக் காயவைக்கிறதுலயே செலவாகிப் போகும். மண்ணும் எங்கள மாதிரித்தான், வேர்த்துத்தான் குளிரும். இப்ப மண்ணுல வேர்வையே இல்ல. அதனால வெயில் முழுசும் காத்துலதான் ஏறுது. மழ இல்லாததால சூடு, சூட்டால இன்னும் வறட்சி. சுத்திச் சுத்தி வருது."

"இது யாரோ ஒருத்தர் செஞ்ச பிழையால வந்ததில்லதானே மிஸ்?"

"உங்க தோட்டத்துல யாரு என்ன செஞ்சாலும் பசிபிக் கடலுக்குத் தெரியாது" என்றாள் றஸ்மியா. "எங்களுக்கும் எல்லாம் தெரியாது. எப்ப முடியும்னு சரியாச் சொல்ல ஏலாது. ஆனா முடியும். அங்க தண்ணி ஆறினா இங்க மூடி எழும்பும்."

இலட்சுமி பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கேஷானி வீட்டுக்குப் போகும்வரை, இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் பேச்சு ஓயவில்லை. மிஸ் என்று தொடங்கியது அக்கா என்று ஆகியிருந்தது. றஸ்மியாவின் மகனுக்குக் காய்ச்சல் இன்னும் விடாதபோதுதான் இவர்கள் கிளம்ப வேண்டி வந்தது. விஜயகலா அவன் தலையைத் தடவிவிட்டு வந்தாள்.

தோட்டத்துக்கு வந்த மறுநாளே அவள் பங்களாவுக்குப் போய்த் தோட்ட நிர்வாகியான துரையைப் பார்த்தாள். துரை சிங்களவர், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகாதவர். மடுவத்துத் தகரத்தின் மேல் மானாப்புல்லைத் தடிப்பாகப் பரப்ப அனுமதி கேட்டாள். தகரம் வெயிலை நேராகப் பிள்ளைகள் தலையில் இறக்குகிறது. மேலே புல் இருந்து அதில் ஈரமும் இருந்தால் சூடு புல்லோடு நின்றுவிடும் என்று சிங்களத்தில் சொன்னாள்.

"காய்ந்த புல். ஒரு பொறி பட்டால்?" என்றார் துரை. அது நியாயமான கேள்விதான்.

"மடுவத்துல அடுப்பு மூட்ட மாட்டோம். பாலக் காய்ச்சி வெளிய இருந்து கொண்டாறோம். காலையில வேலைக்குப் போறவங்க ஆளுக்கு ஒரு செம்பு தண்ணி புல்லுக்கு ஊத்திட்டுப் போவாங்க. பாத்திரம் கழுவின தண்ணி போதும்."

துரை நேரில் வந்து தகரத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். புல்லுக்குச் சரி என்றார். இன்னொன்றையும் அவராகவே சொன்னார். வெயில் தணியும்வரை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டு விடியற்காலையிலேயே நடக்கட்டும். பால் கொடுக்கும் தாய்மார் உச்சிவெயிலில் மலையிலிருந்து இறங்கி மடுவத்திலேயே பிள்ளைகளோடு இருக்கட்டும். கணக்கப்பிள்ளை முகத்தைச் சுளித்தார், ஆனால் துரையின் வார்த்தை நின்றது.

வேலை முடிந்து ஆண்கள் புல் வெட்டினார்கள். சுரேந்திரன் கூரைமேல் ஏறிக் கட்டுக்கட்டாகப் பரப்பினான். ஏழுமலையும் வந்து, தள்ளி நின்றார். விஜயகலா அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"சாமி, இந்த வெயிலு நம்ம தோட்டத்துக்கு மட்டும் வந்ததில்ல. எங்கயோ ஒரு கடலு சூடாகி, அங்க எழும்புன காத்து இங்க வந்து எறங்குது. தேரு போயிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அவர் நம்பாமல் பார்த்தார். "அப்ப ஆத்தாளுக்குக் கோவம் இல்லைங்கிறியா?"

"கோவம்னா கைப்புள்ள மேலயா காட்டுவா? அன்னைக்கு ஒங்க கையில இத்தன புள்ளைங்களயும் விட்டுட்டுப் போனேன். ஒன்னுக்கும் ஒன்னும் ஆகல. அவ ஒங்க கூடத்தான் இருந்திருக்கா."

ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இலட்சுமிகிட்ட சொல்லும்மா, தண்ணி படக் கூடாதுன்னு தடுத்ததுக்கு மனசுல வச்சிக்க வேணாம்னு" என்றார். எழுந்து போய் ஒரு கட்டுப் புல்லைத் தூக்கிக் கூரையேறினார். அன்று இரவு அவர் வயிறாரச் சாப்பிட்டார் என்று அவருடைய மனைவி மறுநாள் வந்து விஜயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

வெயில் உடனே விட்டுவிடவில்லை. சித்திரை முழுக்க வானம் அப்படியே இருந்தது. ஆனால் மடுவத்துக்குள் நுழைந்தால் வித்தியாசம் தெரிந்தது. தகரச் சூடு இருந்த இடத்தில் ஈரப்புல் வாசனை. தாய்மார் மடியில் பிள்ளைகள் தூங்கின. உச்சிவெயிலில் அத்தனை பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச அதற்கு முன் அந்தத் தோட்டத்தில் நேரம் கிடைத்ததே இல்லை. அங்கே விஜயகலா ஒரு பானையையும் மூடியையும் வைத்துக்கொண்டு றஸ்மியா சொன்னதைச் சொன்னாள். சிலருக்குப் புரிந்தது, சிலர் சிரித்தார்கள். ஆனால் பிள்ளையின் வியர்வை நின்று உடம்பு சுட்டால் நனைத்துக்கொண்டு ஓடு என்பது எல்லாருக்கும் புரிந்தது. அந்தக் கோடையில் வேறு பிள்ளை ஒன்றும் விழவில்லை. சிங்களவர்கள் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடுகள் கட்டும் நேரத்தில் மழை வந்தது. புல்லெல்லாம் அழுகி ஒழுகியது. சுரேந்திரன் திட்டிக்கொண்டே அதை இறக்கினான்.

அதன் பிறகும் வெயில் வருஷங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் தோட்டத்தில் தயங்காமல் தகரத்தின் மேல் புல் பரப்பினார்கள். விஜயகலா சாமி கும்பிடும்போது தன் மகன்களுக்காக வேண்டிக்கொள்வதோடு, பாலத்தடியில் நின்ற அந்தப் பையன் எங்கே இருந்தாலும் உயிரோடு இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொள்வாள். யுத்தம் நீண்ட காலம் நடந்தது. செய்தியில் செத்த சிப்பாய்களைச் சொல்லும்போதெல்லாம் அதில் அவனும் இருப்பானோ என்று பயந்தாள்.

றஸ்மியாவுக்கு இரண்டு வருஷத்தில் இடமாற்றம் வந்து புத்தளம் போனாள். தொடர்பு விட்டுப்போயிற்று. கைத்தொலைபேசி லயங்களுக்கு வந்த பிறகு, மக்கீன் நாநாதான் யார்யாரிடமோ கேட்டு அவளுடைய நம்பரைத் தேடிக் கொடுத்தார். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக் கடைசியில் அவள் கூப்பிட்டாள். தங்கை ஸபியாவுக்குக் கல்யாணம், வரக்காப்பொலையில், கட்டாயம் வரவேண்டும் என்றாள்.

விஜயகலாவும் இலட்சுமியும் கேஷானியும் பஸ் மாறி மாறிப் போனார்கள். கேஷானிக்குப் பன்னிரண்டு வயது; பஸ்ஸில் ஜன்னலோரம் விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். கல்யாண வீட்டு வாசலில் றஸ்மியா அவளைப் பார்த்து, "இதா அந்தப் புள்ள?" என்று கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உயரமான ஒரு பையன் வெட்கப்பட்டு நின்றான். அன்று காய்ச்சலோடு கிடந்தவன்.

விஜயகலா தயங்கித் தயங்கி, தான் சொல்ல நினைத்து வந்ததைச் சொன்னாள். "அக்கா, நீங்க அன்னைக்குச் சொல்லித் தந்ததாலதான் எங்க தோட்டத்துல எத்தன புள்ளைங்க…"

றஸ்மியா அவளை முடிக்க விடவில்லை. "நீங்க என்னத்துக்கு நன்றி சொல்றீங்க? அன்னைக்கு டாக்டர் என்கிட்ட இவன் தப்புறது கஷ்டம்னு சொல்லியிருந்தாரு. நீங்க வாறதுக்குக் கொஞ்சம் முந்தி. எனக்கு மூச்சு விடவும் ஏலாம ஈந்துச்சு. அப்பதான் நீங்க வந்து, சூரியன் அதே சூரியன்தானேன்னு கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒன்ன யாரோ கேட்டாங்க. பதில் சொல்லச் சொல்ல மூச்சு வந்துச்சு. நீங்க கேள்வி கேட்டுட்டே ஈந்ததாலதான் நான் அந்த நாளுகளத் தாண்டினேன். நீங்க போய் மறுநாள் இவனுக்குக் காய்ச்சல் விட்டுது."

இத்தனை வருஷமும் விஜயகலா, தான் உதவி வாங்கியதாக மட்டுமே நினைத்திருந்தாள்.

உள்ளே பெண்களுக்குச் சாப்பாடு வைத்தார்கள். பெரிய தட்டில் சோறு குவித்து, சுற்றிலும் ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன். மாட்டிறைச்சி சாப்பிடாத இவர்களுக்காகக் கோழி மட்டும் வைத்த தட்டைத் தனியாக எடுத்துவரச் சொல்லி, றஸ்மியாவும் ஸபியாவும் அதிலேயே வந்து உட்கார்ந்தார்கள். மணப்பெண் இங்கே உட்காருவதா என்று யாரோ கேட்டதற்கு ஸபியா, "எங்க வீட்டு ஆக்கள்தான்" என்றாள். கேஷானிக்குப் பசி. எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தன் பக்கத்துச் சோற்றில் கையை வைத்துவிட்டாள்.